ஒரு கையில் சோறும் மறு கையில் விஷமுமா?

1920-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சென்னைக் கார்ப்பரேஷன் ஒரு தீர்மானம் செய்தது. ஆயிரம் விளக்கிலுள்ள கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி கொடுப்பது என்பதே அத்தீர்மானம். அப்பொழுது கார்ப்பரேஷன் தலைவராயிருந்தவர் நமது வடசென்னை வண்ணாரப்பேட்டை தியாகராயர் ஆவார். பசித்த பிள்ளை படிக்காது என்பதை அறியச் சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை; கண்ணிருந்தால் போதும். 1925-ல் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக்கூடாதென்று வெள்ளைக்காரச் சர்க்கார் தடுத்தும் அந்த எண்ணம் சாகவில்லை. காமராஜர் காலத்தில் மதிய உணவாகவும், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகவும் வளர்ந்து, 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் காலை உணவாகவும் தொடங்கி, மறு வருஷமே சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் யாவற்றுக்கும் பரவிற்று.

நிற்க. இவ்வளவு அக்கறையோடு சோறு போட்ட பிள்ளை, அதே ஊரில் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்பதை யார் கவனிப்பது?

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் எண்ணூர் ஜனங்கள் பட்ட பாட்டை மறந்துவிட முடியாது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, வலையும் படகும் கறுத்து, மீனவர் பிழைப்பில் மண் விழுந்தது. அந்தக் கறை காயுமுன், 26-ஆம் தேதி நடுநிசியில், கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் தூங்குகிற குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

“எண்ணூரில் பிறந்தது எங்கள் தலையெழுத்து” என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். குழாயைப் போட்டவன் மனிதன். அதற்கு அனுமதி கொடுத்தவன் மனிதன். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியவனும் மனிதன். இதில் தலையெழுத்துக்கு என்ன வேலை? எழுதினவன் யார் என்று கேட்டால் விடை பிரமலோகத்தில் இல்லை. ஆபீஸ் பைல்களில் இருக்கிறது.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. உரமும் மின்சாரமும் வேண்டியவைதான். ஆனால் லாபம் ஓரிடத்துக்கும் புகை வேறோரிடத்துக்கும் போவதும், அந்தப் புகை எப்பொழுதும் ஏழை பாழைகள் குடியிருக்கும் இடத்துக்கே போவதும் என்ன நியாயம்? குழந்தையின் நுரையீரல் வளர்ந்துகொண்டிருப்பது. உடல் எடையைப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை அது இழுக்கிறது. ஆகவே விஷத்தில் பெரும்பங்கு சின்னவர்களுக்கே சேருகிறது.

கேட்டால் கிடைக்காதா? காவேரிப் பாசனப் பகுதியைப் பாருங்கள். 2017-ல் நெடுவாசலில் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2020-ல் சட்டம் வந்தது. அங்கே பூமியைத் துளைத்து ஷேல் காஸ் முதலிய எரிவாயுக்களைப் புதிதாக எடுப்பது தடுக்கப்பட்டது. 2025-ல் இராமநாதபுரம் ஜில்லாவில் எண்ணெய்க் கம்பெனிக்கு 20 சோதனைக் கிணறுகள் தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததாகத் தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பிற்று. அனுமதிக்கமாட்டோம் என்று ராஜ்ய சர்க்கார் சொல்ல நேர்ந்தது. வயலுக்கு வாய் இருக்கிறது. கழிமுகத்துக்கு இல்லையா?

2011-ல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் கார்ப்பரேஷனோடு சேர்க்கப்பட்டபோது, தனி முனிசிபாலிடிகள் போய்விட்டன. ஆனால் 2022 முதல் நகரங்களுக்கும் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. அங்கே போய்த் தெருவிளக்கையும் சாக்கடையையும் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவானேன்? தொழிற்சாலைகளை அடுத்த ஒவ்வொரு பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளின் சுவாசத்தை வருஷந்தோறும் டாக்டர்கள் பரிசோதித்து முடிவைச் சுவரில் ஒட்ட வேண்டும். காற்றை அளக்கும் கருவி அங்கேயே இருக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் ஊதும் சங்கு குப்பம்தோறும் கேட்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆலைகளுக்கு அனுமதி கொடுப்பது கார்ப்பரேஷன் அதிகாரமல்ல என்பார்கள். இருக்கட்டும்! பிள்ளைகள் கார்ப்பரேஷன் பிள்ளைகள்தானே? அவர்களுக்காகப் பேசக்கூடவா அதிகாரமில்லை?

ஒரு அணாவில் ஆரம்பித்தது நாடு முழுவதும் பரவிற்று. இன்று வடசென்னையில் ஒரு வார்டு ஆரம்பிக்கட்டும். தாய்மார்கள் முன்னால் நிற்கட்டும். சோறு போடும் கை, விஷத்தையும் தடுத்தாக வேண்டும்.