சொந்தக் காரைத் தொட உரிமை உண்டா?

பணம் கொடுத்து ஒரு கார் வாங்குகிறோம். அது கெட்டுப் போகிறது. அதைத் திறந்து, நாமே பழுது பார்க்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

"இது என்ன கேள்வி? என் கார், என் இஷ்டம்!" என்று நீங்கள் சொல்லக் கூடும். ஆனால் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநில மக்கள் இந்தக் கேள்விக்காக இரண்டு தடவை ஓட்டுப் போட வேண்டி வந்தது. கார் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. வழக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

இந்தத் தகராறு எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு பழைய காரைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் வீட்டு வாசலில் நிறுத்தி, தாங்களே கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும் "எம்.ஜி.பி." என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்போம்.

இரண்டு பேர் கார்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பந்தய மைதானத்தில் மட்டும் ஓடும் கார் என்று நினைக்க வேண்டாம். இது இரண்டு பேர் உட்காரும் சிறிய கார். கூரை துணியால் ஆனது; வேண்டாதபோது மடக்கி வைத்துவிடலாம். பெட்டி படுக்கை வைக்க அதிக இடம் கிடையாது. குழந்தை குட்டிகளோடு ஊருக்குப் போக உதவாது. ஓட்டுவதில் உள்ள சந்தோஷத்துக்காகவே வாங்கும் கார் அது.

எம்.ஜி.பி. 1962-ல் வந்தது. ஆக்ஸ்போர்டு நகருக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் என்ற ஊரில் அதைச் செய்தார்கள். 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையை மூடும் வரை 5 லட்சம் கார்களுக்கு மேல் செய்தார்கள். ஏராளமானவை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின. (இப்போது நம் ஊர் ரோட்டில் ஓடும் எம்.ஜி. கார்களுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். அந்தப் பெயர் கைமாறி, சீனக் கம்பெனி ஒன்றிடம் போய்விட்டது.)

கடைசியாகச் செய்த எம்.ஜி.பி.க்கே 40 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் ஆயிரக் கணக்கில் இன்னும் ஓடுகின்றன. காரணம், அதைச் செய்தவர்கள் அதைத் திறக்கும்படி செய்தார்கள்.

மூடியைத் தூக்கினால்...

நம் வீட்டில் பாட்டி காலத்துத் தையல் மெஷின் இருக்கும். மூடியைத் தூக்கினால் எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எண்ணெய் விட வேண்டிய துளைகள் எவை என்று அம்மாவுக்குத் தெரியும். எம்.ஜி.பி.யும் அந்த ரகம்தான்.

இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். கொள்ளளவு 1,798 சி.சி. மேல் மூடியைக் கழற்றினால் வால்வுகளை அமுக்கும் இரும்புக் கைகள் வரிசையாகத் தெரியும். கைக்கும் வால்வுக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி இருக்க வேண்டும். இதை அளக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மெல்லிய தகடு ஒன்று போதும். தகட்டை நடுவே நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். அதிக இடைவெளி இருந்தால் இன்ஜின் "டக் டக்" என்று சத்தம் போடும். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு சரியாக மூடாமல் கருகிப் போகும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்க அநேகமாக இரண்டு கார்புரேட்டர்கள் இருக்கும். இரண்டும் ஒரே அளவில் காற்றை உறிஞ்ச வேண்டும். அது எப்படித் தெரியும்? ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்வார்கள். மறு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைப்பார்கள். "உஸ்" என்று சத்தம் கேட்கும். பிறகு அடுத்த கார்புரேட்டர். இரண்டு சத்தமும் ஒன்றாக ஆகும் வரை ஸ்குரூவைத் திருப்புவார்கள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பது போலத்தான்!

பெட்ரோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. கடிகாரம் போல் "டிக் டிக்" என்று சத்தம் போடும். சில சமயம் சத்தம் நின்று, காரும் நின்றுவிடும். அப்போது பம்பை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடத் தொடங்குவது உண்டு. வீடு வரை போய்ச் சேரலாம். ஆனால் அதைப் பழுது பார்த்ததாக எண்ணிவிடக் கூடாது.

ஏடனில் பிறந்த புத்தகம்

பட்டறையைப் பார்த்திராத சாதாரண மனிதர்கள் இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? அதற்கு ஒரு கதை உண்டு.

1965-ம் ஆண்டு. ஜான் ஹேன்ஸ் என்பவர் பிரிட்டிஷ் விமானப் படை அதிகாரியாக ஏடனில் இருந்தார். அவருடைய நண்பர் ஒருவரிடம் "ஸ்பிரைட்" என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அதைச் சீர்செய்ய இருவரும் முனைந்தார்கள். கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டினால், அது தொழில் தெரிந்த மெக்கானிக்குக்காக எழுதியது. சாதாரண ஆளுக்குப் புரியவில்லை. ஹேன்ஸ் கேமராவை எடுத்தார். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போதும் மறுபடி பூட்டும்போதும் படம் பிடித்தார். படங்களை வரிசையாக வைத்து, பக்கத்தில் எளிய மொழியில் விளக்கம் எழுதினார்.

புத்தகம் 1966-ல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 3,000 பிரதிகளும் மூன்று மாதத்துக்குள் விற்றுப் போயின. பிறகு காருக்கு ஒரு புத்தகம் என்று வந்துகொண்டே இருந்தன. ஹேன்ஸ் 2019-ல் காலமானார். அடுத்த ஆண்டே, இனி வரும் புதிய மாடல்களுக்கு அச்சுப் புத்தகம் போடுவதில்லை என்று அவருடைய கம்பெனி அறிவித்தது. படம் பார்த்துக் கழற்றும் காலம் குறுகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

துருவும் பிரேக்கும்

பழைய காரை வாங்கினால் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எம்.ஜி.பி.க்குப் பெரிய விரோதி துரு. இங்கிலாந்தில் மழை அதிகம். பனிக் காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். கதவுகளுக்கு அடியில், முன்னும் பின்னும் ஓடும் பெட்டி போன்ற தகட்டில் துரு பிடிக்கிறது. காரைத் தாங்குவதே அந்தத் தகடுதான். அவசரப்பட்டு அதை வெட்டி எடுத்தால் கார் நடுவே தொய்ந்துவிடும். பிறகு கதவு மூடாது. முதலில் கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். வெல்டிங் சரியாகத் தெரியாதவர் இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. துரு முற்றிப் போன காருக்கு, பழைய அச்சுக்களைக் கொண்டே முழு உடம்பையும் புதிதாக அடித்துக் கொடுக்கும் வேலையை 1988-ல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தொடங்கியது.

இதைவிட முக்கியமான விஷயம் பிரேக்.

ஆரம்ப காலத்து எம்.ஜி.பி.யில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் போக ஒரே வழிதான். எங்காவது ஓர் இடத்தில் குழாய் விட்டுப் போனால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். கைப் பிரேக் ஒன்றுதான் கதி. அதோடு, பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். மலைச் சரிவில் இறங்கும்போது பிரேக் சூடாகும். அந்த நீர் கொதித்து ஆவியாகும். காலை அழுத்தினால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும், கார் நிற்காது. அதனால்தான் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை அந்த எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள்.

இங்கிலாந்தில் மூன்று வயதான கார்களை ஆண்டுதோறும் சர்க்கார் அனுமதி பெற்ற இடத்தில் பரிசோதிக்க வேண்டும். ஆனால் 40 வயதைத் தாண்டிய, பெரிய மாறுதல் செய்யாத கார்களுக்கு 2018 மே 20 முதல் அந்தப் பரிசோதனை தேவை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் அக்கறையோடு வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம். பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ரோட்டில் எதிரே வருபவருக்கு அந்தக் காரின் பிரேக்கை யார் பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்று தெரியாது. கட்டாயம் இல்லாவிட்டாலும் விரும்பினால் பரிசோதனைக்குக் கொண்டு போகலாம். தானே பிரேக்கைக் கழற்றுபவர் கட்டாயம் கொண்டு போக வேண்டும் என்பதே என் கட்சி. இன்ஜின் வேலையில் தவறினால் கார் நிற்கும். பிரேக் வேலையில் தவறினால் கார் நிற்காது.

இன்னொன்று: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே தலையை நீட்ட வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதினால் நுரையீரலுக்கு ஆபத்து.

பூட்டிய பெட்டி

இனி அமெரிக்கச் சண்டைக்கு வருவோம்.

இன்றைய காரில் இன்ஜின், பிரேக், கதவு, விளக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்கள் கவனிக்கின்றன. புகையைக் கட்டுப்படுத்துவதற்காக, 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான 16 முனைச் செருகி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு சிறிய கருவியை அதில் செருகினால் காரின் கோளாறு எண் தெரியும். ஆனால் ஆழமான விவரங்களைக் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பட்டறைகளுக்கு மட்டுமே கொடுத்தன. தெருமுனை மெக்கானிக் என்ன செய்வார்?

2012 நவம்பரில் மாஸசூஸெட்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்கு 80 பேருக்கு மேல் "எங்களுக்கும் அந்த விவரம் வேண்டும்" என்றார்கள். கம்பெனிகள் இறங்கி வந்தன. 2014-ல் நாடு முழுவதற்கும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன.

தகராறு அதோடு தீர்ந்ததா? இல்லை. புதிய கார்கள் கோளாறு விவரத்தைக் கம்பி இல்லாமல், ரேடியோ அலை மூலம் நேராகக் கம்பெனிக்கே அனுப்பத் தொடங்கின. சட்டம் செருகியைப் பற்றித்தான் பேசியது. 2020-ல் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். நாலில் மூன்று பேர் உரிமையின் பக்கம் நின்றார்கள். உடனே கம்பெனிகள் வழக்குப் போட்டன.

"எல்லாரும் காரின் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்றால் திருடனும் நுழைவான். தூரத்தில் இருந்தே ஓடும் காரைக் கெடுப்பான்" என்பது கம்பெனிகளின் வாதம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மத்திய சர்க்காரின் ரோட்டுப் பாதுகாப்பு இலாகாவே 2023 ஜூனில் அதே பயத்தைச் சொன்னது. ஆனால் இரண்டே மாதத்தில், காருக்குப் பக்கத்தில் நின்று மட்டும் விவரம் பெறும்படி செய்தால் ஆட்சேபம் இல்லை என்று இறங்கி வந்தது. ஆக, பயத்துக்கு மருந்து இருந்தது. 2025 பிப்ரவரியில் கோர்ட்டு கம்பெனிகளின் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

உரிமைக்காகப் பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்தவர்களும் சந்நியாசிகள் அல்ல. அவர்களில் பலர் உதிரிப் பாகம் விற்கும் பெரிய வியாபாரிகள். அதனால் ஓட்டுப் போட்ட மக்களின் கேள்வி பொய்யாகிவிடாது. 2022-ல் ஒரு ஜெர்மன் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? காரிலேயே பொருத்தி விற்ற, சீட்டைச் சூடாக்கும் சாதனத்துக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது! எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த ஆண்டு கைவிட்டது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. உதிரிப் பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளியாருக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் அப்பீல் செய்தன. 2022-ல் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. செல்போன், விவசாயக் கருவி, வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் ஆகிய நான்கும் அதன் பார்வையில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, கம்பெனிகளின் பழுது பார்க்கும் விவரங்களை ஒரே இடத்தில் காண ஓர் இணையதளம் திறந்தார்கள். ஆனால் மாஸசூஸெட்ஸ் மாதிரி கையில் பிடிக்கக் கூடிய தனிச் சட்டமாக அது ஆகவில்லை.

எல்லாக் கம்பெனிகளும் பூட்டுத்தான் போடுகின்றன என்று சொல்ல முடியாது. ஜப்பானில் மாஸ்டா கம்பெனி 1989-ல் ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. எம்.ஜி.பி. போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள்தான் அதற்கு முன்மாதிரி. அந்த முதல் மாடலுக்கு வயதாகிவிட்டதால், துணிக் கூரை முதலிய பழைய பாகங்களை மறுபடி செய்து தருவதாக 2017-ல் மாஸ்டா அறிவித்தது.

அந்தக் காலத்துக் கார்களிலேயே இன்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் பெட்டி வந்துவிட்டது. பெட்டிக்குள் கெபாசிட்டர் என்ற சிறு உருளைகள் இருக்கும். 30 ஆண்டு ஆனதும் சில பெட்டிகளில் அவை கசிந்து, பலகையை அரிக்கின்றன. கார் காரணம் தெரியாமல் நிற்கும். ஸ்பானர் பிடித்த சொந்தக்காரர்கள் இப்போது சாலிடரிங் இரும்பு பிடிக்கக் கற்றுக்கொண்டு, ரேடியோ ரிப்பேர் செய்வது போல் அந்த உருளைகளை மாற்றுகிறார்கள். சில ஸ்குரூக்களைக் கழற்றினால் அந்தப் பெட்டி திறந்துவிடும்.