பளபளப்புக்குப் பின்னாடி ஒரு பொடி!

அப்பாவோட பழைய புல்லட்டைக் கெஞ்சி வாங்கி ஓட்டுற பார்ட்டியா நீங்க? அப்படின்னா இந்த வாரம் உங்களுக்குத்தான். இன்ஜின் கவர்ல திருநீறு பூசின மாதிரி ஒரு வெள்ளைப் படலம் இருக்குமே... தண்ணி ஊத்திக் கழுவினா போன மாதிரி தெரியும், காய்ஞ்சதும் 'வந்துட்டேன்'னு பல்லைக் காட்டும். அந்த வெள்ளையைப் பத்திதான் பேசப் போறோம்.

இதைப் பேச ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1950-களில் திருவொற்றியூரில் ஆரம்பித்த புல்லட் தயாரிப்பு, 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் வந்துவிட்டது. சுற்றிலும் வண்டி கம்பெனிகள், உதிரிபாகக் கம்பெனிகள். இதே வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அன்னிக்குக் கல்லைச் செதுக்கின ஊர், இன்னிக்கு அலுமினியத்தைத் தேய்க்கிற ஏரியா!

முதல்ல ஒரு விஷயம். அந்த வெள்ளை, அழுக்கு இல்லை. அலுமினியம் காற்றைப் பார்த்த அடுத்த நொடியே தன் மேல் ஓர் ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத போர்வை. இரும்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே தின்னும். இந்தப் போர்வையோ உள்ளே இருக்கிற உலோகத்தைக் காப்பாற்றும். ஆனால் உப்புக் காற்று, மழைச் சேறு, சரியா கழுவாத சோப்பு எல்லாம் மாதக்கணக்கில் தங்கினால், போர்வை தண்ணீரைக் குடித்து ஊதிப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். அதுதான் நீங்க பார்க்கிற வெள்ளை.

இந்த கெமிஸ்ட்ரி உங்க அம்மாவுக்கு எப்பவோ தெரியும்! அலுமினிய இட்லிப் பானையில் தண்ணீரோடு ஒரு துண்டு புளி போடுவாங்க இல்லையா? உள்ளே கறுக்காமல் இருக்கத்தான். தண்ணீரின் காரத்தன்மையைப் புளியின் லேசான அமிலம் அடக்கிவிடுகிறது.

'அப்ப ஆசிட்டை ஊத்திட்டா ஒரே நிமிஷத்துல வேலை முடியுமே பாஸ்?'னு கேட்பீங்க. வேண்டவே வேண்டாம். பாத்ரூம் ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் போர்வையோட நிற்காது. உலோகத்தையும் கரைத்துக் குழி போட்டுவிடும். கடையில் விற்கும் சில 'அலுமினியம் பிரைட்னர்'களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்கக்கூட வலிக்காது. ஆனால் உள்ளே இறங்கி உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. லேபிளைப் படிக்காமல் எதையும் வாங்காதீங்க.

சரி, எப்படித்தான் தேய்ப்பது? முதலில் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. கவர் மேல் பழைய லேக்கர் பூச்சு இருந்தால் அதை முழுசா எடுத்துவிட வேண்டும். பிறகு வாட்டர் பேப்பர். குழி ஆழமாக இருந்தால் 400-ல் ஆரம்பித்து 600, 800, 1000, 2000 என்று ஏறுங்க. தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் தேய்க்கணும். ஒரு நம்பரில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததில் குறுக்காக. முந்தின கோடு மறைந்தால்தான் அடுத்த நம்பர். கடைசியில் பருத்தித் துணியில் மெட்டல் பாலிஷ். முடிந்ததும் கழுவித் துடைத்து, மெல்லிசாக வாக்ஸ். ஒரே ஒரு எச்சரிக்கை: 'அனோடைஸ்' பண்ணின பாகத்தைத் தேய்க்காதீங்க. அங்கே போர்வையைக் கரன்ட் வைத்து வேண்டுமென்றே தடிமனாக்கியிருப்பார்கள்.

துணி கறுப்பாகிக்கொண்டே இருக்கும். 'இன்னும் அழுக்கு போகலை'னு ராத்திரி முழுக்க உட்காராதீங்க! அந்தக் கறுப்பு, பொடியாகிப் போன அலுமினியம்தான். தேய்க்கிற வரைக்கும் வரும். இன்னொரு வேடிக்கை: பாலிஷிலும் சில உப்புத்தாளிலும் இருக்கிற துகளும் அலுமினியம் ஆக்சைடுதான். அதன் ஆங்கிலப் பெயரான 'கோரண்டம்' நம்ம 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. அதுவே சிவப்பாகக் கிடைத்தால் மாணிக்கம்!

இப்பதான் சீரியஸ் மேட்டர். அந்தக் கறுப்புப் பொடி உங்க துணியில் ஒரு சிட்டிகை. நாள் முழுக்க சக்கரம் சக்கரமாக பாலிஷ் போடுகிற கம்பெனியில் எவ்வளவு சேரும்? சிவகாசிப் பட்டாசில் கண்ணைக் கூசுகிற வெள்ளை வெளிச்சத்தைத் தருவது இதே அலுமினியப் பொடிதான். கட்டியாக இருந்தால் சமர்த்து. பொடியாகிக் காற்றில் மிதந்தால் வெடிமருந்து.

2014 ஆகஸ்ட் 2. சீனாவின் குன்ஷான் நகரில், கார்களின் அலுமினிய வீல்களுக்கு பாலிஷ் போடும் தொழிற்சாலை. சேர்ந்து கிடந்த தூசியில் ஈரம் பட்டுச் சூடேறி, தீப்பிடித்து, ஒரே வெடி. முப்பது நாட்களுக்குள் 97 பேர். கடைசிக் கணக்கில் 146 பேர் இறந்துபோனார்கள். தூசியை ஒழுங்காக அகற்றவில்லை என்றது விசாரணை. அவர்கள் செய்துகொண்டிருந்தது, நாம் ஞாயிற்றுக்கிழமை வாட்டர் பேப்பரை வைத்துச் செய்கிற அதே வேலை.

நம் நாட்டில் 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வெடிக்கக்கூடிய தூசிக்கென்று 37-வது பிரிவை எழுதிவைத்தார்கள். ஏட்டில் இருப்பது சரி. ஷாப் ஃப்ளோரில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதனால, ஹாஸ்டல் ரூமை மூடிக்கொண்டு கிரைண்டரை வைத்துக் காய்ந்த தேய்ப்பு வேண்டாம். இரும்பு தேய்த்த வீலில் அலுமினியம் வேண்டாம். துருவும் அலுமினியப் பொடியும் சேர்ந்தால் தீப்பொறி ஒன்றே போதும். ஈரமான பொடியை டப்பாவில் போட்டு மூடாதீங்க, ஹைட்ரஜன் வரும். பொடி பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றாதீங்க, காய்ந்த மணல்தான்.

நம்மில் பலர் இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் என்று ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகப் போகிறோம். அங்கே பாலிஷ் செக்‌ஷனில் ஜொலிக்கிற வீலைப் பார்த்து வாயைப் பிளக்கிறதோடு நிற்காதீங்க. அண்ணாந்து உத்தரத்தையும் குழாய்களின் மேற்புறத்தையும் பாருங்க. சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்கா? 'இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பீங்க சார்?'னு கேளுங்க. ரெக்கார்டு நோட்டில் அந்தக் கேள்வி இருக்காது. ஆனா, அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கிற அண்ணனுக்காகவாவது ஒரு ஆள் கேட்டே ஆகணும்!