பழைய அகதியும் புதிய அகதியும்

போரினால் பாழ்பட்ட ஒரு நாட்டை மீளக் கட்டுவதற்கு உலக நாடுகள் கூடிப் பணம் ஒதுக்குவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணம் யாருடைய வீட்டுக் கூரைக்கு ஓடாக வந்து சேர்ந்தது என்று கேட்டால் மட்டும் நம்மவரே முகம் சுளிக்கின்றனர். இலங்கையின் வட மாகாணத்திலிருந்து 1990 அக்டோபரில் துரத்தப்பட்ட முஸ்லிம்களை முன்வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கவே இதை எழுதுகிறேன். வாசுதேவநல்லூரில் அரபுப் பாடம் சொல்லும் ஒருவருக்கு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் என்ன வேலை என்பாரும் இருக்கலாம். அந்தத் தெருவில் பேசப்பட்டது என் மொழி; அங்கே வீடு கட்டச் சென்ற பணத்தில் நம் நாட்டு வரிப்பணமும் உண்டு.

நிகழ்ந்தது இதுதான். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் புலிகள் வசமிருந்த பகுதிகளில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் எனக் கணக்கிடப்படுகிறது. யாழ்ப்பாண நகரத்தாருக்கு அக்டோபர் 30 அன்று அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கையில் சில நூறு ரூபாயோடு நடந்தவர்கள் பெரும்பாலும் புத்தளத்தில் போய் ஒதுங்கினர். தென்னங்கீற்றுக் கொட்டகைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் இலங்கையின் புனரமைப்புக்கு 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. பேச்சுவார்த்தையில் தங்களுக்குத் தனித்தரப்பு வேண்டும் என்று முஸ்லிம்கள் கேட்டனர், கிடைக்கவில்லை. ரவூப் ஹக்கீம் அமர்ந்தது அரசுத் தூதுக்குழுவின் உறுப்பினராகத்தான். ஆழிப்பேரலை நிதியைப் பங்கிட 2005 ஜூனில் செய்துகொண்ட உடன்பாட்டிலும் அரசும் புலிகளும் கையொப்பமிட்டனர். பேரலையில் பெருவாரியாக மாண்ட கிழக்கிலங்கை முஸ்லிம்களின் சார்பில் ஒரு கையொப்பமும் இல்லை.

இவற்றை அரசியல் என்று விட்டுவிடலாம். 2009 மே மாதம் போர் முடிந்த பின் நடந்ததை அப்படி விட முடியாது. அரசும் உதவி நிறுவனங்களும் மக்களை இரண்டாக வகுத்தன. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் ‘புதியவர்’. அதற்கு முன் இடம்பெயர்ந்தோர் ‘பழையவர்’. முதலிடம் புதியவருக்கு. வன்னியில் குண்டுமழையின் நடுவே நின்று, பின்னர் மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட இலட்சக்கணக்கான தமிழரின் துயர் முதலில் தீர்க்கப்பட வேண்டியது என்பதை எந்த முஸ்லிமும் மறுக்க மாட்டான். ஆனால் முதலில் என்பது மட்டும் என்று மாறிவிட்டதே! பத்தொன்பது ஆண்டு அகதியாக இருந்ததே ஒருவனை வரிசையின் கடைசிக்குத் தள்ளியது. நோய் முற்றியவனை ‘நீ பழைய நோயாளி’ என்று திருப்பி அனுப்பும் வைத்தியசாலையைக் கண்டதுண்டா?

காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்பது நம் பிக்ஹு நூலார் ஏற்ற விதி. உதுமானியப் பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லாச் சட்டம், வழக்கைக் கேட்பதற்குக் காலவரம்பு வைத்தது. அவ்வாறு வைக்கும்போதே, வாதி சிறுவனாகவோ, தொலைதேசத்தில் இருப்பவனாகவோ, வலியவனை எதிர்த்து நிற்க இயலாதவனாகவோ இருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்று விலக்கும் அளித்தது. இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். பயங்கரவாதத்தால் தம் காணிக்குப் போக முடியாதவர்க்கு அந்தப் பத்தாண்டுக் கணக்கு பொருந்தாது எனச் சிறப்புச் சட்டம் வந்தது 2016 இல். போர் முடிந்து ஏழாண்டு கழித்து! அதிலும் வழக்குத் தொடர இரண்டாண்டு அவகாசமே தரப்பட்டது.

நம் இந்தியா செய்ததற்கு வருவோம். 2010 ஜூனில் 50,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. 2012 அக்டோபர் 2 ஆம் நாள் பெருந்திட்டம் தொடங்கிற்று. வீடொன்றுக்கு இலங்கைப் பணத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய், பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகச் சென்றது. வீட்டைக் கட்டும் பொறுப்பும் அவருடையதே. இடைத்தரகர் கொழுக்க வழியில்லாத நல்ல ஏற்பாடு. மன்னார் மாவட்டத்தில் இவ்வகையில் வீடு பெற்ற முஸ்லிம்களும் உண்டு. ஒன்றுமே கிடைக்கவில்லை என்று முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. என் வழக்கு வேறு. இத்தகைய வீட்டுத் திட்டங்களில் பெயர் சேர, காணி உறுதி வேண்டும். அக்காணியிலேயே குடியிருக்கவும் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வெளியேறியவர் உறுதிப் பத்திரத்தை எடுத்தாரா, குழந்தையை எடுத்தாரா? கூரையும் கதவும் பிடுங்கப்பட்ட சுவருக்குள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிக் குடியிருப்பார்? பிள்ளைகளைப் புத்தளத்தில் விட்டு வந்து பதிந்தால், பதிவுக்கு மட்டும் வருகிறார் என்று கிராம சேவகர் எழுதினார். 1990 இல் ஒரு குடும்பமாகப் போனது 2010 இல் நான்கு குடும்பமாகத் திரும்பிற்று, காணியோ ஒன்றுதான். அந்த மூன்று குடும்பங்களுக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

மன்னாருக்குத் தெற்கே முசலிப் பகுதியில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி என்னும் ஊர்கள் உள்ளன. திரும்பி வந்தவர்கள் அங்கே கண்டது காடு. அவர்கள் அதை வெட்டித் துப்புரவு செய்தபோது, வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று தென்னிலங்கையில் கூக்குரல் எழுந்தது. 2012 இலும் 2017 இலும் அப்பகுதி நிலங்கள் வனமென அரசிதழில் அறிவிக்கப்பட்டன. எங்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் மூன்றாண்டு உழாமல் போட்ட புஞ்சையைப் போய்ப் பாருங்கள். உடைமரமும் சீமைக்கருவேலுமாக ஆள் நுழைய முடியாது. அதைக் கண்டு காடென்று எந்த வட்டாட்சியரும் எழுதியதில்லை. பட்டாவில் பெயர் யாருடையதோ அவருடைய புஞ்சைதான் அது. இருபது ஆண்டு உழவிடாமல் துரத்தி வைத்துவிட்டு, மரம் வளர்ந்திருக்கிறது என்பது என்ன நியாயம்?

வேறெங்கும் இதற்கு வழி கண்டதில்லையா என்றால், போஸ்னியாவில் கண்டார்கள். 1995 ஆம் ஆண்டின் டேட்டன் உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு, இடம்பெயர்ந்தோர் அனைவரும் தம் சொந்த வீட்டுக்குத் திரும்பவும் பறிபோன சொத்தை மீளப் பெறவும் உரிமை அளித்தது. அதைச் செயற்படுத்த ஆணையம் அமைந்தது. சுமார் இரண்டு இலட்சம் சொத்துக் கோரிக்கைகள் விசாரிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றில் வீடு உரியவரிடம் சேர்ந்தது. மீண்ட வீட்டை விற்றுவிட்டு வேறிடம் போனவர்கள் பலர் என்பதும் உண்மை. போகட்டும், விற்கும் உரிமையாவது அவர்களுக்கு இருந்ததன்றோ? இலங்கைக்குப் பணம் தந்த நாடுகள் இப்படியொரு நிபந்தனையை வற்புறுத்தி நிறைவேற்றவில்லை.

அரபு நாட்டுப் பணத்தாலும் இக்குறை தீராது. பேரலைக்குப் பின் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியா 500 வீடுகள் கட்டிற்று. அவற்றை இன விகிதப்படியே பங்கிட வேண்டும் என உயர்நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளிக்க, ஆள் குடியேறாமல் ஆண்டுக்கணக்கில் புதர் மண்டிக் கிடந்தன.

புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டார்களே, இன்னும் ஏன் வடக்கு என்பர் சிலர். வேரூன்றியவர் அங்கேயே இருக்கட்டும். அது அவர் விருப்பம். முஹாஜிராக மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார் ஸஅத் இப்னு ரபீஉ. அப்துர் ரஹ்மான் அவருக்காகப் பரக்கத்தை வேண்டிவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார். பெயர்ந்தவனுக்கு வேண்டுவது தொழில் செய்யும் இடம். யாழ்ப்பாணத்து முஸ்லிமின் கடைவீதி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அவன் மீன்பிடித் துறையும் வயலும் மன்னாரில் இருக்கின்றன.

தமிழரைப் பிளவுபடுத்துகிறீர் என்ற குற்றச்சாட்டு இன்னும் வியப்பானது. சிவில் சேவையில் புகுந்த முதல் இலங்கை முஸ்லிமாகி, பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கி, ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலைத் தமிழில் எழுதிய அ. மு. அ. அஸீஸ் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை. அவரைத் தந்த சமூகத்தைத் தமிழ் பேசும் மண்ணிலிருந்து பிளந்தெறிந்தது யார்? அதை எடுத்துச் சொல்பவனா பிளவுக்காரன்?

2022 இல் இலங்கை கடனில் மூழ்கியபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. ஆகவே டில்லி கேட்டால் கொழும்பு விடை சொல்லியாக வேண்டும். நம் வாக்குகளைப் பெற்றுச் சென்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியுறவு அமைச்சரிடம் இதைக் கேட்கட்டும்: வடக்கிலும் கிழக்கிலும் நம் பணத்தில் எழுந்த வீடுகளுள் 1990 இல் வெளியேற்றப்பட்டோர்க்குச் சேர்ந்தவை எத்தனை? விண்ணப்பித்துத் தள்ளப்பட்டோர் எத்தனை பேர்? என்ன காரணம் காட்டி? மாவட்ட வாரியாக, எழுத்தில்.