மீண்டும் விமானமேறுவோர்க்கு

யூபிலி மலருக்கு எழுதப் புகுவோர் கல்லூரித் தாபகரின் தொண்டினையோ, சமயக் கல்வியின் மேன்மையினையோ, துடுப்பாட்டக் குழுவின் பழைய வெற்றிகளையோ பொருளாகக் கொள்வது மரபு. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் எதுவும் அன்று. கணனித் திரையிலே போர்விமானம் ஓட்டும் பொழுதுபோக்கினைப் பற்றி எழுதத் துணிந்தோம். நாற்பதும் ஐம்பதும் கடந்த பழைய மாணவர் பலர் இளமையிற் கைவிட்ட இவ்விளையாட்டிற்கு இப்பொழுது திரும்பி வருகின்றனர். திரும்புவோர் யாவரும் எம்மை வினவுவது, "எதனை வாங்குவது?" என்னும் ஒன்றையே.

விமானத்திற்கும் எமக்கும் உள்ள உறவு புதியதன்று. 1935 நவம்பர் 27 ஆந் திகதி, சென்னைப் பறப்புக் கழகத்தைச் சேர்ந்த விமானியொருவர் ஓட்டிவந்த சிறு விமானம் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது. அவ்வூரிலே கற்றவர்கள், ஆசிரியரின் குரல் விமான இரைச்சலில் அமிழ்ந்து மீண்டும் எழுவதை எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணனி வாய்த்த வீடு ஒன்றிருந்தால், அவ்வீட்டு முன்விறாந்தையிலே ஐந்தாறு சோடிச் செருப்புகள் கிடக்கும். உள்ளே ஒருவன் ஓட்டுவான்; மற்றையோர் அனைவரும் அவனுக்குப் புத்தி சொல்வர். பின்னர் பரீட்சை வந்தது, உத்தியோகம் வந்தது, சிலருக்குக் கனடாவும் இலண்டனும் வந்தன. விளையாட்டு நின்றது.

இதனைச் சிறுபிள்ளைத்தனம் என இகழ்வோருக்கு ஒரு செய்தி கூறுதல் வேண்டும். அமெரிக்காவின் பிங்காம்ரன் நகரிலே இசைப்பேழை செய்யும் தொழிலகத்தாரின் மைந்தரான எட்வின் லிங்க் என்பார், அவ்விசைக்கருவிக்குரிய துருத்திகளைக் கொண்டே, நிலத்தில் நின்றவாறு சரிந்தும் திரும்பியும் பறப்புப் பழக்கும் பொறியினை 1929 இல் அமைத்தார். பொழுதுபோக்குக் களங்கள் சில அதனை வாங்கின. விமானப் பள்ளிகள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. 1934 இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லப் பணிக்கப்பட்டு, மூடுபனியிலும் இருளிலும் பலர் மாண்ட பின்னரே, இராணுவம் அப்பொறிகளில் ஆறினை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டு விமானிகள் இலட்சக்கணக்கானோர் அதிலே பயின்றனர். விளையாட்டுப் பொருள் என்று தள்ளப்பட்டது உயிர் காத்தது.

இனித் தெரிவுக்கு வருவோம். முதலில், பழைய ஜோய்ஸ்ரிக்கைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்ட வேண்டாம். பதினைந்து முனையுள்ள அதன் செருகியை ஏற்கும் துவாரம் இன்றைய கணனிகளில் இல்லை. யூ.எஸ்.பி. முனையுடையதும், பிடியை முறுக்கினால் வால்சுக்கான் திரும்புவதுமான எளிய ஜோய்ஸ்ரிக் ஒன்று தொடக்கத்திற்குப் போதும். கால்மிதிகள் வைக்க வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் இடமேது? தலையைத் திருப்பினால் திரையிற் காட்சியும் திரும்பும் ஏற்பாட்டினை, சாதாரணக் கணனிக் கமராவும் இலவச மென்பொருளும் கொண்டே அமைத்துக்கொள்ளலாம். வான்போரிலே பின்னாற் பார்க்க இயலாதவன் இறந்தவனுக்குச் சமம். ஆதலால் விலையுயர்ந்த பிடியினும் இது முந்தியது.

மென்பொருள்களுள் இன்று பெரும்பெயர் பெற்றது டி.சி.எஸ். வேர்ள்ட் என்பது. அதன் அடிப்படைப் பகுதி இலவசம். சு-25 ரி என்னும் தாக்குதல் விமானமும், ஆயுதமற்ற மஸ்டாங் விமானமும் அதனுடன் வரும். ஏனைய விமானங்களைத் தனித்தனியே வாங்க வேண்டும். சிலவற்றின் விலை எழுபது, எண்பது டொலர் வரை செல்லும். 2022 ஆம் ஆண்டின் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதைக் கண்ட எமக்கு, விமானமொன்றின் விலையை ரூபாவிற் பெருக்கும்பொழுதே தலை சுற்றுகின்றது. அன்றியும், எப்-16 இன் எந்திரத்தை இயக்குவதற்கே ஆளிகளை வரிசையறிந்து அழுத்த வேண்டும். கைந்நூல் பல நூறு பக்கம். உயர்தரப் பரீட்சைக்கு ஒத்த உழைப்பு அது. விரும்பிச் செய்வோர்க்கு அதில் இன்பம் உண்டென்பதை மறுக்கோம்.

1998 இல் வெளிவந்த போல்கன் 4.0 என்பதன்மீது ஆர்வலர் கட்டியெழுப்பிய போல்கன் பி.எம்.எஸ். இன்னொன்று. மூல விளையாட்டினைச் சிறு விலைக்கு வாங்கியிருத்தல் வேண்டும்; திருத்தப் பதிப்பு இலவசம். கொரியக் குடாநாட்டிலே நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஒரு முழுப்போர் தானாக நகர்ந்துகொண்டிருக்கும். அதன் உழைப்பும் முன்னையதற்குக் குறைந்ததன்று. வோர் தண்டர் என்பதோ இலவசம், இளைஞர் நிறைந்தது; ஆயினும் நல்ல விமானத்தை அடைவதற்குப் பல மாதங்கள் ஆட வேண்டும், அன்றேற் பணம் செலுத்த வேண்டும். பிள்ளைகள் உறங்கிய பின்னர் ஒரு மணி நேரமே வாய்க்கும் குடும்பஸ்தருக்கு அது பொருந்தாது.

பணமும் நேரமும் பற்றி மட்டும் எழுதி முடிப்பதாயின் இக்கட்டுரையே வேண்டியதில்லை. எமது உள்ளத்தை உறுத்துவது வேறொன்று.

இவ்விளையாட்டிற்குத் திரும்பிய புதிதிலே, இக்காலத் தாக்குதல் விமானமொன்றைத் தெரிந்துகொண்டோம். பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து, கருப்பு வெள்ளைக் காட்சியிலே, ஊர்தியொன்றின் அருகே வெண்ணிறப் புள்ளிகள் ஓடுவதைக் கண்டோம். அவ்வேளை ஒலிபெருக்கியிலே இரைச்சல் சற்று மிகுந்தது. அடுத்த அறையிலிருந்த எமது மாமியார் எழுந்து வந்து யன்னலைச் சாத்திவிட்டுச் சென்றார். ஒன்றும் கூறவில்லை. அவர் தொண்ணூற்றைந்தில் வலிகாமத்தை விட்டு வந்தவர். அந்த இரைச்சலைப் பதுங்குகுழிக்குள் இருந்து கேட்டவர். அவ்வாண்டு யூலை 9 இல் நவாலித் தேவாலயத்தின்மீதும் அயலிலும் குண்டுகள் வீழ்ந்தபொழுது, அங்கே தஞ்சம் புகுந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2009 பெப்ரவரி 20 இரவிலே கொழும்பு வானத்தைத் துப்பாக்கிச் சூடுகள் கீறியதையும், இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் விமானமொன்று வந்து மோதியதையும் இந்நகரத்தார் மறக்கவில்லை. வானத்தைக் கீழிருந்து அஞ்சிப் பார்த்த மக்கள் நாம். அவ்வாறாக, மேலிருந்து குண்டெறிவதை இரவுணவிற்குப் பின் இன்பமாகக் கொள்ளுதல் தகுமா?

நண்பரொருவர், "சதுரங்கமும் போரே; யானையும் குதிரையும் வெட்டுண்ணவில்லையா?" என்றார். சதுரங்கக் காய்க்கு முகமில்லை என்றோம். திரையிலுள்ள புள்ளிக்கும் முகமில்லை என்றார். அவர் வாதத்தில் வலுவுண்டு. ஆயினும் சாத்தப்பட்ட யன்னல் எமக்குப் போதுமானதாயிற்று.

ஆதலால் எமது தெரிவு 2006 இல் வெளிவந்த இல்-2 ஸ்ரூர்மோவிக்: 1946 என்பது. வயது சென்றது; உருவம் சற்று மங்கல்; பழைய மடிக்கணனியிலும் ஓடும்; விலை அற்பம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஹரிக்கேனும் யப்பானியரின் சீரோவும் அதிலே உண்டு. அவ்விரண்டும் எமது தலைக்கு மேலேயே பொருதவையன்றோ?

1942 ஏப்பிரல் 4 ஆந் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானத்தின் தலைவரான கனேடியர் லெனாட் பேச்சல், யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையிலே நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பின்மீது வந்தன. முன்னெச்சரிக்கை இருந்தும், இரத்மலானையில் நின்ற ஹரிக்கேன்கள், எதிரி தலைக்குமேல் தோன்றிய பின்னரே அவசரமாக எழுந்தன. கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையினை யப்பானியர் அறியார். அங்கிருந்தவை தடையின்றி எழுந்தன. அவ்வேளை திருகோணமலைப் பக்கமிருந்து இரத்மலானையை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள், ஒன்றும் எஞ்சாது வீழ்த்தப்பட்டன. துறைமுகத்திற்குரிய குண்டுகளுடன் அங்கொடை மனநோய் வைத்தியசாலைமீதும் குண்டுகள் வீழ்ந்தன. அதன் பின்னர் கொட்டாஞ்சேனையும் கோட்டையும் வெறிச்சோட, சனம் புகையிரதமேறி ஊருக்கு ஓடிய கதையை முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம்.

ஹரிக்கேன் ஏன் தோற்றது என்பதை நூலிலே படித்தால் ஒரு வரி; ஓட்டிப் பார்த்தால் உடலே அறியும். சீரோ கவசமற்றது, இலேசானது. சிறு வட்டத்திலே திரும்பவல்லது. அதனுடன் சேர்ந்து நீங்களும் திரும்பினால், இரண்டாம் சுற்று முடியுமுன் அது உங்கள் வாலிலே நிற்கும். மிகுந்த வேகத்திலோ அதன் சிறகுகள் பாரமாகி இலகுவிற் புரளாது. எனவே உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நில்லாது அப்பாற் செல்வதே ஹரிக்கேனுக்குரிய வழி. உயரம் வேண்டுமெனில் நேரத்தோடு எழுந்திருத்தல் வேண்டும். இரத்மலானையிலே அந்நாள் இல்லாதுபோனது அதுவே. அன்று எழுந்தோரிற் பலர் இருபதைச் சற்றே கடந்த இளைஞர் என்பதை, எமது கல்லூரியின் மேல்வகுப்பு மாணவரைக் காணுந்தோறும் நினைக்கின்றோம்.

இதுவும் போரே என்பதை ஒளிக்கவில்லை. எதிரே நிற்பவனும் ஆயுதம் ஏந்தி எம்மைக் காண்கின்றான் என்பதும், நாம் காப்பது கீழேயுள்ள ஊரினை என்பதும் மட்டுமே வேறுபாடு. யப்பானியக் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டும் வசதியும் அதிலே உண்டு, நாம் தொடுவதில்லை. போரே வேண்டாமென்பார்க்கு 1982 முதல் வந்துகொண்டிருக்கும் மைக்ரோசொப்ற் பிளைற் சிமுலேற்றர் உண்டு; அதிலே பலாலிக்கும் பறக்கலாம், சன்னற்கரை ஆசனம் நிச்சயம்.

இளைய மாணவர்க்கு ஒன்று: இரத்மலானையிலுள்ள விமானப்படை நூதனசாலையை ஒருமுறை பார்த்துவிட்டு இவ்விளையாட்டிற்குள் நுழையுங்கள். விமானம் என்பது எவ்வளவு சிறிய இடத்திலே எவ்வளவு தகரம் என்பது விளங்கும்.

எமது மாமியார் இப்பொழுது யன்னலைச் சாத்துவதில்லை. சுழல்விசிறி எந்திரத்தின் ஒலி தங்கள் ஊரின் பழைய நெல்லாலையை ஒத்தது என்கின்றார். ஞாயிறு காலைகளிலே, வேறொரு தீவின் ஓடுபாதையை இரத்மலானை எனப் பாவித்து எழுகின்றோம். இதுவரை ஒன்பது முறை எழுந்து, ஒருமுறையே சக்கரங்களுடன் இறங்கினோம். அதுவும் பாதையில் அன்று, பக்கத்துப் புல்லிலே.