'வாய்வு' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதே!

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் தொழிலாளிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, வாய்வுதான், சோடா குடி, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஏன் என்று கேட்டால் "ரிப்போர்ட் நார்மல்" என்று ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். அந்தக் காகிதத்தின் யோக்கியதை என்ன என்று பார்ப்போம்.

இருதயத் தசைக்குள் ட்ரோபோனின் என்ற புரதம் இருக்கிறது. ரத்தக் குழாய் அடைத்துத் தசை சாகும்போது அது ரத்தத்தில் கசிகிறது. அதை அளப்பதுதான் இந்தச் சோதனை. நல்ல சோதனை, சந்தேகமில்லை. ஆனால் வலி கண்ட மறு நிமிஷமே அது ரத்தத்தில் வந்து ஆஜராகிவிடுமா? பழைய வகைச் சோதனையில் தென்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரம்கூட ஆகலாம். நுண்ணிய புது வகைச் சோதனையானாலும், வலி தொடங்கிய சிறிது நேரத்துக்குள் வந்தவருக்கு ஒரே தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி ரத்தம் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இரவு ஷிப்டில் இரண்டு மணிக்கு வலி கண்டவருக்கு மூன்று மணிக்கு 'நார்மல்' என்றால் அதற்கு என்ன பொருள்? இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள்!

இதற்கு நேர்மாறான அக்கிரமமும் நடக்கிறது. நெஞ்சு வலி என்று வந்தவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் டாக்டர்கள் ஒப்புக்கொண்ட விதி. குழாய் முழுக்க அடைத்துக்கொண்டது அதில் தெரிந்தால் ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது. "முதலில் பணம் கட்டு, ரிப்போர்ட் வரட்டும்" என்று நிறுத்திவைக்கும் தனியார் ஆஸ்பத்திரி எதற்காகக் காத்திருக்கிறது? நோயாளிக்காக அல்ல, கல்லாப்பெட்டிக்காக!

பெண்கள் பாடு இன்னும் மோசம். நடவுக்குப் போன பெண் மூச்சு வாங்குகிறது, முதுகு வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் 'களைப்பு' என்று தள்ளுகிறார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ டாக்டர்கள் 2015-ல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ஆணுக்கு லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்ணுக்கு 16 என்று தனித்தனி வரம்பு வைத்துப் பார்த்தபோது, சந்தேகத்தின் பேரில் வந்த பெண்களில் மாரடைப்பு என்று கண்டறியப்பட்டவர்கள் நூற்றுக்கு 11-லிருந்து 22 ஆனார்கள். சரிபாதிப் பேரை அதுவரை தவறவிட்டிருக்கிறார்கள்! கண்டுபிடித்த பிறகும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சிகிச்சை கிடைத்தது என்று 2019-ல் அங்கிருந்தே செய்தி வந்தது. வளர்ந்த சீமையின் கதை இது. நம்மூர்க் கூலிக்காரப் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

இதெல்லாம் செலவு பிடிக்கும் சங்கதி என்பார்கள். ட்ரோபோனினை 1960-களில் கண்டறிந்தவர் டோக்கியோ சர்வகலாசாலையின் எபாஷி. கம்பெனி முதலாளி அல்ல. பின்னால் அதில் ஒரு வகைக்கான சோதனையைக் காப்புரிமையின் பலத்தால் நெடுங்காலம் ஒரே கம்பெனி விற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் வேளை மாத்திரைகளைத் தர ஏற்பாடு செய்தது. வரவேற்கிறோம். ஆனால் மாத்திரையை விழுங்கியவர் அடுத்து எங்கே போவது? 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தபோது ஆலைத் தொழிலாளிக்கென்றுதான் வந்தது. வயல் கூலிக்கு அதுவும் இல்லை. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இரவு பகலாக ஈ.சி.ஜி.யும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும், இலவச ட்ரோபோனின் சோதனையும் வேண்டும். இரண்டாவது தடவை பார்க்காமல் யாரையும் அனுப்பக் கூடாது.

தோழர்களே, வலி வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வலி தொடங்கிய மணியை டாக்டரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட் நார்மல் என்றால், "மறுபடி எத்தனை மணிக்கு ரத்தம் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.