போத்தலை மாற்றினால் போதுமா?

மாணவர்களே, அண்மையில் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "டீச்சர், அப்பாவுக்குக் கல்லீரல்ல கொழுப்பு இருக்காம். இனி வீட்டுல ஆலிவ் எண்ணெய்தான்னு அம்மா சொல்றாங்க. சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

2 ரிங்கிட் 50 சென் விலையுள்ள பாக்கெட் எண்ணெயில் சமைக்கும் குடும்பம் அது. ஆலிவ் எண்ணெய்க்குப் பல மடங்கு செலவாகும். எண்ணெயை மட்டும் மாற்றினால் அந்தச் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது என்பது என் கருத்து.

ஆலிவ் எண்ணெய் நல்லதுதான். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் அது ஏழில் ஒரு பங்கே. இந்த வேறுபாடு கல்லீரலைப் பாதிக்கும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 39 இளையோர் 7 வாரங்கள் வழக்கமான உணவோடு கூடுதலாக மஃபின் சாப்பிட்டனர். சிலருக்குச் செம்பனை எண்ணெயில் செய்தது, மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. எடை இரு குழுவுக்கும் ஒரே அளவில் கூடியது. கல்லீரல் கொழுப்போ செம்பனைக் குழுவுக்கே அதிகம் கூடியது. அந்த முடிவு 2014-இல் வெளியானது.

ஆனாலும் எந்த எண்ணெயாக இருந்தாலும் 1 கிராமில் 9 கிலோகலோரி உண்டு. ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சுமார் 120 கிலோகலோரி தரும். பழைய எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றினால் நன்மை. "நல்ல எண்ணெய்தானே" என்று கூடுதலாக ஊற்றினால் எடைதான் ஏறும்.

சரி, கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மதுவால் வராத கல்லீரல் கொழுப்பு நோய் உள்ளவர்களிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து 2005-இல் வெளியிட்டனர். 59 விழுக்காடு, உடலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து வந்தது. 26 விழுக்காட்டைச் சீனி, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து கல்லீரலே தயாரித்தது. உணவின் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 விழுக்காடுதான்.

அதனால் சமையல் சட்டியோடு நம் குவளையையும் கவனிக்க வேண்டும். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி உள்ள பானம் என்றால், 325 மில்லிலிட்டர் டின்னில் 32.5 கிராம் இருக்கும். அது ஆறு தேக்கரண்டிக்கும் மேல்! இனிப்புப் பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019-இல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்து, 2025-இல் அதை 90 சென்னாக உயர்த்தியதும் சீனியைக் குறைக்கத்தான்.

அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: "அப்பா மருத்துவரின் பேச்சைக் கேட்கட்டும். எந்த எண்ணெயானாலும் அளந்து ஊற்றுங்கள். தே தாரேக்கில் சீனியைக் குறைக்கச் சொல். மாலையில் அப்பாவோடு திடலைச் சுற்றி நட." எடை கூடிய பெரியவர்கள் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் கல்லீரலின் அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. 80 கிலோ உள்ளவருக்கு அது சுமார் 6 முதல் 8 கிலோ.

பள்ளி விட்டதும் பாச்சாங் கடைகளில் குளிர்பானம் வாங்கும் மாணவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இந்த வாரம் குடிப்பதற்கு முன் லேபிளைப் படியுங்கள். சீனியைக் கணக்கிட்டு, வீட்டில் அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள்.