கதவைப் பூட்டுகிறவர்களும் சான்றிதழ் கொடுக்கிறவர்களும்

2026 ஜனவரியில் திறந்த மூல மென்பொருள் உலகில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. 'கேர்ள்' திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பேர்க், பாதுகாப்புப் பிழை கண்டுபிடித்துச் சொல்வோருக்குக் கொடுத்துவந்த பணப் பரிசை நிறுத்தினார். செயற்கை நுண்ணறிவை வைத்துக் கதைகட்டி அனுப்பும் அறிக்கைகளைப் படித்தே அவருடைய ஆட்கள் களைத்துப்போனார்கள். 'டீஎல்ட்ரா' என்ற வரைபலகைத் திட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், வெளியார் திருத்தி அனுப்பும் நிரல்களை, அதாவது புல் ரிக்வெஸ்ட்களை, தானாகவே மூடிவிடப்போவதாகச் சொன்னது.

இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, "புதியவர்களை இனி உள்ளே விடவே கூடாது" என்று நம்முடைய கணினிப் படிப்பாளிகள் சிலரும் தலையாட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டென்பேர்க் பணத்தை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. வித்தியாசம் தெரியாதவர்கள்தான் பூட்டுக்குக் கைதட்டுகிறார்கள்.

இனாம் வைத்த இடத்தில் கூட்டம் சேரும். 2014இல் டிஜிட்டல் ஓஷன் தொடங்கிய ஹக்டோபர்ஃபெஸ்ட்டின் கதையும் அதுதான். ஒக்டோபரில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு ரீசேர்ட். 2020இல் ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லை மாற்றி ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்களால் திட்டங்கள் மூச்சுத் திணறின. மாதம் பிறந்து மூன்றாம் நாளே விதியை மாற்றி, விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்றார்கள். 2023இல் ரீசேர்ட்டையே கைவிட்டார்கள். 2024 தொடக்கத்தில் 'எக்ஸ்பிரஸ்' திட்டத்துக்கும் இதே கதி: இந்தி மொழிப் பாடமொன்றைப் பார்த்த மாணவர்கள் அதன் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள். பிள்ளைகளில் என்ன குற்றம்? பாடத்தில் காட்டியதைத்தான் செய்தார்கள். பாடத்துக்குப் பிறகு கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என்னிடம் ஓர் எண் இருக்கிறது: 320. என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுச் சலித்திருப்பார்கள். பரவாயில்லை, இன்னொரு முறை சொல்கிறேன். மாணவர்களை வழிகாட்டிகளோடு திறந்த மூலத் திட்டங்களில் எழுதவைக்கும் கூகுள் சமர் ஒஃப் கோட் திட்டத்தின் முதல் பத்து வருடங்களில், 2005 முதல் 2014 வரை, உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் அதிக மாணவரை அனுப்பியது இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். எம்ஐடி அல்ல, ஸ்டான்ஃபோர்ட் அல்ல. ஹைதராபாத் ஐஐஐடி இரண்டாமிடத்தில் நின்றது. பத்து வருடத்தில் 320 பேர் என்றால் வருடத்துக்கு 32 பேர், ஒரு முழு வகுப்பறை. அந்தப் பத்தில் கிட்டத்தட்ட மூன்று வருடம் இந்த நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எப்படி நடந்தது? 2003இல் சஞ்சீவ வீரவரணவும் நண்பர்களும் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். அப்பாச்சியின் அக்ஸிஸ்2 போன்ற திட்டங்களில் இலங்கையர் நேரடியாக எழுதினார்கள். இந்த வருடம் மாணவனாகச் சேர்ந்தவன் அடுத்த வருடம் அதே திட்டத்தில் வழிகாட்டியாக நின்றான். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த சீனியர் தம்பியின் விண்ணப்பத்தைப் படித்துப்பார்த்து "இது போகாது, திருப்பி எழுது" என்று சொல்லக்கூடியவனாக இருந்தான். மொறட்டுவைக்கு இஸட் ஸ்கோர் கூடிய பிள்ளைகள் போகிறார்கள், அதனால்தான் என்பார்கள். பேராதனைக்கும் கெட்டிக்காரர்கள்தான் போகிறார்கள். அங்கே ஏன் 320 இல்லை? அந்த வாதம் அதோடு முடிந்தது.

இந்தத் திறந்த மூலக் கதையில் நம் கிழக்குக் கரைக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஜனாஸாக்களை அடக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கொழும்பில் தொண்டர்கள் சேர்ந்து 'சஹானா'வை எழுதினார்கள். காணாமல் போனோர் பதிவு, முகாம் விபரம், எந்த அமைப்பு எங்கே நிவாரணம் கொடுக்கிறது என்ற பட்டியல். 2005 பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் 2010 ஹெய்ட்டிக்கும் அது போனது. 2006இல் ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் விருது பெற்றது. நம் துயரத்தில் பிறந்த மென்பொருள் அது. நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் கணினி படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்?

நம்மூரில் நடப்பது வேறு. மண்டபம், பதாகை, பிரதம அதிதிக்குப் பொன்னாடை, ஒருநாள் செயலமர்வு. பிள்ளைகள் கிட்ஹப்பில் கணக்குத் திறந்து, ஒரு பட்டியலில் பெயரைச் சேர்த்து, பின்னேரம் சான்றிதழோடு படமெடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் மேர்ஜ் கொன்ஃப்ளிக்ட் என்று சிவப்பாக ஒரு வரி வந்தால் யாரைக் கேட்பது? பிரதம அதிதியையா? பூட்டுகிறவனாவது தன் நேரத்தைக் காப்பாற்றுகிறான். சான்றிதழ் கொடுக்கிற இவர்கள் பிள்ளைகளின் நேரத்தைத் தின்று முகநூலில் ஏப்பம் விடுகிறார்கள்.

வழிகாட்டியின் வேலை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். பைதனில் 'பாத்திமா' என்று எழுதி நீளத்தைக் கேளுங்கள், 8 என்று வரும். நமக்கு அது நான்கு எழுத்து. பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால் 'மா'வின் கால் தனியே கழன்று முன்னால் வந்து நிற்கும். ஓப்பன்-தமிழ் நூலகம் இதைச் சரியாகச் செய்கிறது. தமிழ் அறியாதவர்கள் எழுதிய எத்தனையோ படிவங்கள் இன்னும் பெயரைப் பாதியில் வெட்டுகின்றன. சாய்ந்தமருதுப் பிள்ளை ஒருத்தி அப்படி ஒன்றைத் திருத்தி அனுப்புகிறாள் என்று வையுங்கள். வழிகாட்டி கேட்க வேண்டியது மூன்று கேள்விதான்: 'ஸ்ரீ' வந்தால் என்ன ஆகும்? வெற்றுச் சரம் வந்தால்? இதற்குச் சோதனை எழுதினாயா தங்கச்சி? அவள் எழுதி மறுபடி அனுப்புவாள். மருதமுனைத் தறிப் பட்டறையில் அறுந்த இழையை எப்படி முடிவதென்று பக்கத்திலிருப்பவர் காட்டிக் கொடுப்பாரே, அவ்வளவுதான் இதுவும். அந்த மூன்று கேள்வியையும் ஏஐ கேட்காதா என்பவர்களுக்கு: கேட்கும், தப்பான பதிலுக்கும் "அருமை" என்று சொல்லும்.

தமிழ்நாட்டில் த. சீனிவாசனும் கணியம், காஞ்சி லினக்ஸ் குழு நண்பர்களும் இதைத் தமிழிலேயே, இணையவழிக் கூட்டங்களில், சம்பளமில்லாமல் செய்கிறார்கள். கல்முனையிலிருந்து அதில் சேர விசாவும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். கூகுள் திட்டமும் 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களுக்கும் திறந்திருக்கிறது. பதினெட்டு வயதானால் போதும். கம்பஸ் கிடைக்காமல் கட்டாருக்குப் பாஸ்போட் எடுக்கும் தம்பிக்கும் அது பொருந்தும்.

மிச்சமிருப்பது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். ஆய்வுக் கட்டுரைக்குப் புள்ளி போட்டுப் பதவி உயர்த்துகிறோம். ஒரு மாணவியின் நிரலை வரிவரியாகப் பார்த்துத் திருப்பி அனுப்பிய விரிவுரையாளரின் பின்னேரத்துக்கும் புள்ளி போடட்டும். வெளித் திட்டமொன்று ஏற்றுக்கொண்ட நிரல் இல்லாமல் இறுதியாண்டுச் செயற்றிட்டம் சித்தியில்லை என்று ஒரு விதி வரட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அடுத்த கல்வியாண்டிலேயே இதைச் செய்தால், ஒலுவில் வளாகமும் சம்மாந்துறை வளாகமும் சேர்ந்து பத்து வருடத்தில் 320ஐத் தாண்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. முடியாது என்கிறவர்கள், மொறட்டுவையில் இருந்து ஒலுவிலில் இல்லாதது அந்தச் சீனியரைத் தவிர வேறென்ன என்று எழுதிக் காட்டட்டும்.